வலது முன் டயர்

"அது அவன் வண்டி இல்லையே" என்று சொன்னவருக்கு எண்பது வயது தாண்டியிருக்கும். வாக்கரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரைக்கு நாலடி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம், அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கும் வின்ஸ்டன்-சேலம். (நம் சேலத்துக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த வின்ஸ்டன், சேலம் என்ற இரண்டு ஊர்களையும் 1913இல் ஒன்றாக்கியபோது நடுவில் ஒரு கோடு போட்டு விட்டுவிட்டார்கள்.) எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் 2017இல் இறந்துபோனார். அந்த ஊர் வழக்கப்படி அடக்கத்துக்கு முந்தின நாள் மாலை உறவும் நட்பும் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கூடத்தில் ஓடவிட ஒரு ஸ்லைடு ஷோ வேண்டும் என்று அவருடைய மகன் என்னிடம் கேட்டிருந்தார். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை எல்லா நாட்டிலும் உண்டு.

எழுபது படம் கொடுத்தார்கள். அதில் ஒன்றுதான் எல்லாருக்கும் பிடித்த படம். கறுப்பு வெள்ளை. ஒரு பழைய ஷெவர்லே, கதவில் வெள்ளையாக 17 என்ற எண், அதன் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள், இருவருக்கும் நடுவில் ஒரு கோப்பை. இடது பக்கம் நிற்பவர் எங்கள் பெரியவர். மகன் சொன்னதை வைத்து நானே கீழே எழுதிச் சேர்த்திருந்தேன்: "1964, வெற்றி பெற்ற இரவு."

வாக்கர் பெரியவர் அதைப் படித்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தார். நான் பக்கத்தில் போவதற்குள் யாரோ வந்து என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தபோது அவர் இல்லை. பெயர் கேட்கவில்லை, போன் நம்பர் வாங்கவில்லை. இப்படி ஒருவர் வாயைத் திறந்தால், கையில் இருப்பதை அங்கேயே போட்டுவிட்டு முதலில் பெயரைக் கேட்டுவிட வேண்டும். இந்தப் பாடத்துக்கு நான் கொடுத்த விலை கிட்டத்தட்ட இரண்டு வருஷம்.

முதலில் ஸ்டாக் கார் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பங்குச்சந்தைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கடையில் ஸ்டாக்கில் இருக்கிற, யாரும் போய் வாங்கக்கூடிய கார் என்று பொருள். பந்தயத்துக்கென்று பிறந்த வண்டியை விட்டுவிட்டு, வீட்டுக்கு வாங்குகிற காரையே ஓட்டிப் பார்ப்பது. 1947 டிசம்பரில் டேடோனா பீச்சில் ஒரு ஓட்டலில் கூடிப் பேசி, 1948இல் நாஸ்கார் என்ற அமைப்பை உண்டாக்கினார்கள். இன்றைக்கு அது பல கோடி டாலர் புழங்கும் தொழில். ஆனால் அந்தப் பெரிய மேடைக்குக் கீழே, ஒவ்வொரு மாவட்டத்திலும் சனிக்கிழமை இரவுப் பந்தயங்கள் இருந்தன. மண் டிராக், மரப்பலகை கேலரி, நாலைந்து விளக்குக் கம்பம். ஓட்டியவர்கள் மெக்கானிக்குகள், பால் வண்டி டிரைவர்கள், ஆலைத் தொழிலாளிகள். ஒரு கோடை ஓட்டுவார்கள், இரண்டு கோடை ஓட்டுவார்கள். அப்புறம் குழந்தை பிறக்கும், இல்லை எலும்பு முறியும், இல்லை பணம் தீர்ந்துவிடும். அத்தோடு சரி.

எங்கள் ஊரிலேயே போமன் கிரே ஸ்டேடியம் இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்து மைதானம் ஒன்றைச் சுற்றிக் கால் மைல், அதாவது 400 மீட்டர் அளவுக்குத் தார் போட்ட தட்டையான ஓவல். 1949இலிருந்து அங்கே கோடைக்குக் கோடை பந்தயம் நடக்கிறது. நாஸ்கார் வாராந்தரப் பந்தயங்களில் இவ்வளவு காலமாக நடப்பது வேறெங்கும் இல்லை. அவ்வளவு சின்ன வட்டத்தில் இருபது வண்டிகளை விட்டால் என்ன ஆகும்? நம் ஊரில் பள்ளிக்கூடம் விட்ட நேரத்தில் ரவுண்டானா எப்படி இருக்குமோ அப்படித்தான். மோதிக்கொள்ளாமல் ஓட்டுவது கஷ்டம். மோதிய பிறகு வண்டியை விட்டு இறங்கிக் கை நீட்டாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம். அதனால்தான் அதற்கு மேட்ஹவுஸ், அதாவது பைத்தியக்கார விடுதி என்று பட்டப்பெயர்.

பெரியவர் எங்களிடம் பந்தயத்தைப் பற்றிப் பேசியதே இல்லை. காலுறை பின்னும் எந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே ஒருமுறை, என் டொயோட்டா வாசலில் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டு, புல்வெளியைத் தாண்டி வந்து, "வலது முன் சக்கரத்தில் பிரேக் பேட் தேய்ந்துவிட்டது, இந்த வாரமே மாற்று" என்றார். குனிந்துகூடப் பார்க்கவில்லை. மெக்கானிக் கழற்றிப் பார்த்தான், வலது முன் சக்கரம்தான்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் கழித்து மகனிடம் மெதுவாகச் சொன்னேன், ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டுப் போனார் என்று. அவர் முகம் சுருங்கிவிட்டது. காரணம் எனக்குத் தெரியும். அவருடைய பிக்கப் டிரக்கின் பின் கண்ணாடியில் அப்பா நினைவாக 17 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். "அப்படியானால் கண்டுபிடி" என்றார். கோபத்தில் சொன்னாரா, ஆசையில் சொன்னாரா தெரியவில்லை. நான் ஆசை என்றே எடுத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தில் இருந்து தொடங்கினேன். படம் ஒட்டும் பக்கமுள்ள ஆல்பத்தில் இருந்தது. அந்த வகை ஆல்பத்தில் படத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது, கிழிந்துவிடும். பல் இடுக்கில் விடும் நூலை எடுத்து, படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவில் ரம்பம் மாதிரி மெல்ல இழுத்துக்கொண்டே போனால் தானாக விட்டுவரும். வந்ததும் பின்பக்கத்தையும் சேர்த்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தேன். பின்னால் ஒன்றும் எழுதவில்லை. முன்பக்க வெள்ளை ஓரத்தில் மட்டும் பொடி எழுத்தில் அக்டோபர் 64 என்று அச்சாகியிருந்தது. அந்தக் காலத்து லேப்கள் இப்படி அச்சிடும். ஆனால் அது படத்தைக் கழுவிய மாதம், எடுத்த மாதம் இல்லை. சுருள் முழுக்கத் தீரும்வரை ஃபிலிமைக் கேமராவிலேயே வைத்திருந்த காலம் அது. போன வருஷப் பிறந்த நாளும் இந்த வருஷக் கிறிஸ்துமஸும் ஒரே சுருளில் இருக்கும்.

காரை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்ற நாளாயிற்று. மூலையில் வண்டியை இழுத்து வந்த டிரக்கின் பின்பக்கம் பாதி தெரிந்தது. பந்தய வண்டிக்கு நம்பர் பிளேட் கிடையாது, டிரக்குக்கு உண்டு. அன்றைக்கு வட கரோலினாவில் வருஷா வருஷம் பிளேட் மாறும், வருஷமும் அதிலேயே அடித்திருக்கும். பெரிதாக்கினால் 64. சரி, வருஷம் உறுதி. எல்லார் கண்ணும் கோப்பைக்கும் காருக்கும்தான் போகும், சேதி இருந்தது குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில்.

அப்புறம் கார். அவர் ஓட்டியது 1955 மாடல் ஷெவர்லே என்பதில் குடும்பத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. ஷெவர்லே தன் புகழ்பெற்ற சின்ன வி8 எஞ்சினை முதலில் போட்ட வருஷம் 1955. அதனால் பத்து வருஷம் கழித்து, பழைய விலைக்கு வந்த பிறகு, ஆலைத் தொழிலாளிகள் பந்தயத்துக்குத் தேடி வாங்கிய வண்டியும் அதுதான். 55, 56, 57 மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். முன் கிரில்லை வைத்து அடையாளம் சொல்லலாம் என்றால், பந்தயக்காரர்கள் அதைத்தான் முதலில் கழற்றி எறிவார்கள். நான் இணையத்தில் பழைய ஷெவர்லேக்களின் படங்களை மூன்று வாரம் பார்த்தேன். என் மனைவி நாம் கார் வாங்கப்போகிறோம் என்றே நினைத்துவிட்டாள்.

விடை கிடைத்தது பெட்ரோல் ஊற்றும் இடத்தில். 55இல் இடது பின் மட்கார்டில் அதற்கென்று ஒரு சின்னக் கதவு இருக்கும், வெளியில் இருந்தே தெரியும். 56இல் அதை இடது டெயில் லேம்புக்குள் ஒளித்துவைத்தார்கள். விளக்கையே திறந்துதான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். எங்கள் படம் இடது பின்பக்கத்தில் இருந்து எடுத்தது. மட்கார்டு வழவழவென்று இருந்தது, கதவு இல்லை. அதாவது வண்டி 55 இல்லை. வாக்கர் பெரியவர் சொன்னது சரி.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. செத்துப்போனவரின் கோப்பையை நான் பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அடுத்தது நூலகம். எங்கள் மாவட்டப் பொது நூலகத்தில் வட கரோலினா அறை என்றே ஒன்று இருக்கிறது. பழைய பத்திரிகைகள் மைக்ரோஃபிலிமில் இருக்கும். கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே போக வேண்டும், அரை மணியில் தலை கிறுகிறுக்கும். இணையத்தில் தேடினால் போதாதா என்று கேட்பீர்கள். டிஜிட்டல்என்சி என்று மாநிலத்து ஊர்ப் பத்திரிகைகளை ஏற்றி வைத்திருக்கும் தளம் நன்றாகவே உதவும். ஆனால் பந்தய முடிவுகள் பொடி எழுத்தில், மை கசிந்து இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் படிக்கும் லட்சணம் நமக்குத் தெரியும். தவிர, முடிவுகளை ராத்திரி பதினோரு மணிக்கு டிராக்கில் இருந்து போனில் சொல்லுவார்கள், பத்திரிகை ஆபீசில் ஒருவர் காதில் விழுந்ததை எழுதிக்கொள்வார். எங்கள் பெரியவரின் பெயர் நாலு இடத்தில் கிடைத்தது, மூன்று விதமான எழுத்துப் பிழையோடு. பெயரைத் தேடாமல், அந்தச் சீசனின் எல்லா ஞாயிறு, திங்கள் இதழ்களையும் வரிசையாகக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பெண்களைத் தேடினால் இன்னொரு சிக்கல்: அவர்கள் சொந்தப் பெயர் அச்சிலேயே இருக்காது, "திருமதி" போட்டுக் கணவன் பெயர்தான் இருக்கும்.

கிடைத்த நாலில் மூன்று, மாவட்டத்து மண் டிராக் ஒன்றில் ஓடியது. இப்போது அங்கே சோளம் போட்டிருக்கிறார்கள். ஒன்று போமன் கிரே. தொடக்கக்காரர் பிரிவில் ஹீட் பந்தயத்தில் மூன்றாவது இடம். ஹீட் என்பது முன்னோட்டம். அதில் தேறியவர்கள் ஃபீச்சர் என்ற இறுதிப் பந்தயத்தில் ஓடுவார்கள். மூன்றாவது வந்தும் அன்றைய ஃபீச்சர் முடிவில் அவர் பெயர் இல்லை. ஏன் என்று பத்திரிகை சொல்லவில்லை. எந்த முடிவிலும் முதலிடத்தில் அவர் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஹில்ஸ்பரோவுக்குப் போனேன். எங்கள் ஊரில் இருந்து ஒன்றேகால் மணி நேரம். ஈனோ ஆற்றங்கரையில் ஆக்கனீச்சி என்ற பழைய மண் டிராக். 1949இல் நாஸ்காரின் உச்சப் பிரிவின் முதல் சீசனில் ஓடிய டிராக் அது. 1968இல் மூடினார்கள். இன்று நடைபாதை. நேர்கோட்டில் நடந்து வளைவுக்கு வந்தால் தரை ஒரு பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான் மிச்சம். வண்டி ஓடின இடம் முழுக்கப் பைன் மரங்கள், அண்ணாந்து பார்க்க வேண்டிய உயரம். மேட்டில் கான்கிரீட் படிகள் மட்டும் இருக்கின்றன, உட்கார ஆளில்லை. என் பையன் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்து, "இதுதான் ஃபினிஷ் லைன்" என்றான். இருக்கலாம்.

அந்தப் படியில் உட்கார்ந்துதான் ஜிம் ரோப்பரை நினைத்துக்கொண்டேன். 1949 ஜூன் 19 அன்று சார்லட்டில் நாஸ்காரின் ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக் பிரிவின் முதல் பந்தயம் நடந்தது; நாஸ்காரின் உச்சப் பிரிவான இன்றைய கப் பந்தயங்களுக்கு அதுதான் மூலம். முதலில் வந்தவர் கிளென் டனவே. பின் ஸ்பிரிங்கில் கைவைத்திருக்கிறார்கள் என்று பரிசோதனையில் தெரிந்து அவரைத் தள்ளிவிட்டு, இரண்டாவது வந்த ரோப்பருக்குப் பரிசைக் கொடுத்தார்கள். கான்சஸில் இருந்து லிங்கன் காரில் வந்தவர். அந்தப் பிரிவில் அவர் ஓட்டியது மொத்தமே இரண்டு பந்தயம். இரண்டாவது, நான் உட்கார்ந்திருந்த அதே ஆக்கனீச்சியில். இரண்டு பந்தயத்தில் ஒருவருக்கு வரலாற்றில் இடம், பதினேழு இரவு ஓட்டிய எங்கள் பெரியவருக்குப் பத்திரிகையில் நாலு எழுத்துப் பிழை. (பதினேழு என்று எனக்கு எப்படித் தெரியும் என்பதற்கு வருகிறேன்.)

ஆவணத்தில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகாது, அதையும் சொல்ல வேண்டும். வெர்ஜினியாவின் டான்வில்காரர் வெண்டல் ஸ்காட் 1963 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில்லில் ஜெயித்தார். நாஸ்காரின் உச்சப் பிரிவில் ஜெயித்த முதல் கறுப்பினத்தவர். மைதானத்தில் கொடியும் கோப்பையும் வேறொருவருக்குப் போயின. கூட்டம் கலைந்த பிறகுதான் இவர் ஜெயித்ததாக ஒப்புக்கொண்டார்கள். அவர் 1990இல் இறந்தார். கோப்பைக்கு ஈடாக ஒன்று அவர் குடும்பத்தின் கைக்கு வந்தது 2010இல். பாபி ஆலிசனோ சாம்பியன். 1971 ஆகஸ்டில் எங்கள் போமன் கிரேயில் ஒரு ஃபோர்டு மஸ்டாங்கில் அவர் ஜெயித்ததைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள நாஸ்காருக்கு 2024 அக்டோபர்வரை ஆயிற்று. அடுத்த மாதமே அவர் போய்ச் சேர்ந்தார். அவ்வளவு பெரிய ஆட்களுக்கே இந்தக் கதி.

இன்னொரு விஷயத்திலும் உஷாராக இருக்க வேண்டியிருந்தது. இந்த மலையடிவாரத்தில் எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும், தாத்தா திருட்டுச் சாராயம் கடத்திப் போலீசை ஏமாற்றி ஓட்டித்தான் பந்தயத்துக்கு வந்தார் என்பார்கள். ஜூனியர் ஜான்சன் போன்றவர்களுக்கு அது உண்மை. அதற்காகச் சிறைக்கும் போனார், 1986இல் ஜனாதிபதி ரீகனின் மன்னிப்பும் பெற்றார். ஆனால் எல்லாரும் கடத்தியிருந்தால் குடித்தது யார்? எங்கள் பெரியவரைப் பற்றியும் ஒரு மருமகன் இதே கதையைச் சொன்னார். நகர டைரக்டரி என்று வருஷா வருஷம் வந்த தடித்த புத்தகங்கள் நூலகத்தில் இருக்கின்றன. வீட்டு விலாசம், ஆள் பெயர், தொழில் எல்லாம் போட்டிருக்கும். 1963, 64, 65 மூன்றிலும் அவர் பெயருக்கு எதிரில் ஆலை வேலை. ராத்திரி ஷிப்டு என்று பிறகு தெரிந்தது. ராத்திரி ஷிப்டுக்காரன் எப்போது கடத்துவது?

கடைசியாகத்தான் பெரியவரின் மனைவியிடம், பாட்டியிடம் போனேன். அங்கேதான் முதலில் போயிருக்க வேண்டும். இங்கே பாட்டி என்று எழுதுகிறேன். நேரில் "மிஸ்" போட்டு முதல் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவதுதான் அந்த ஊரில் வயதானவர்களுக்கு மரியாதை. புருஷன் போன துக்கத்தில் இருக்கிறவரிடம் போய், உங்கள் வீட்டுக்காரர் ஜெயிக்கவே இல்லையாம் என்று எப்படிச் சொல்வது என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். தவிர, கார் விஷயம் அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்ற ஓர் எண்ணமும் இருந்தது. இரண்டாவதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

முதல் நாள் வருஷம், இடம் என்று கேட்டு ஒன்றும் பெயரவில்லை. "அதெல்லாம் ஞாபகமில்லை" என்று முடித்துவிட்டார். அடுத்த வாரம் வேறு மாதிரி கேட்டேன். வண்டியை எதில் கட்டி இழுத்துக்கொண்டு போவீர்கள்? அன்றைக்குச் சாப்பாடு என்ன? வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருவீர்கள்? மடை திறந்த மாதிரி வந்தது. அவருடைய மைத்துனரின் டிரக். பிமென்டோ சீஸ் தடவிய ரொட்டி, மெழுகுத்தாளில் சுற்றி. மண் டிராக் என்றால் ரொட்டியைக் கடிக்கும்போது நறநறவென்று பல்லில் அகப்படும். கேலரியில் உட்காரும்போது தலைக்கு ஸ்கார்ஃப். சிவப்பு மண் வீட்டுக்கு வந்து மூன்று முறை அலசினாலும் தலைமுடியை விட்டுப் போகாது. கார் சீட்டுக்குப் பஞ்சு வைத்துத் தைத்தது அவர். கதவில் எண் எழுதியதும் அவர்தான், வெள்ளை ஷூ பாலிஷில்.

"எந்த எண்?"

"52. எங்கள் வீட்டுக் கதவு எண்."

ஆனால் பந்தய இடத்தில் அந்த வண்டியை அவர் தொட்டதே இல்லை. அன்றைக்குப் பல டிராக்குகளில் பெண்களைப் பிட்டுக்குள், அதாவது வண்டிகளை நிறுத்திப் பழுது பார்க்கும் இடத்துக்குள், விடமாட்டார்கள். அபசகுனம் என்பார்கள், இன்சூரன்ஸ் என்பார்கள். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்க வேண்டியதுதான். பிட்டுக்குள் நடந்ததை ஆண்கள் கதை கதையாகச் சொன்னார்கள், வருஷத்துக்கு ஒரு சுற்று பெருத்துக்கொண்டே வந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவர் கணக்கு எழுதினார்.

ஆமாம், கணக்கு. "உனக்கு அதுதான் வேண்டுமென்றால் நோட்டு இருக்கிறதே" என்று எழுந்துபோய், தையல் மெஷின் டிராயரில் இருந்து எடுத்து வந்தார். மளிகைக் கணக்கு நோட்டு. பின்பக்கம் இருந்து திருப்பினால் "கார்" என்று தலைப்பு. பென்சில் எழுத்து, நிமிர்ந்த, பள்ளிக்கூட எழுத்து. தேதி, செலவு, வரவு என்று மூன்று கட்டம். நுழைவு 2 டாலர். பழைய டயர் இரண்டு, 9 டாலர். ரேடியேட்டர் பற்றவைத்தது 4. வரவுப் பக்கம் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடு, நடுவில் எப்போதாவது 5, ஒரு தடவை 12. எண்ணினேன். 1964இல் பதினோரு இரவு, 1965இல் ஆறு.

இரண்டு வருஷம் நான் மைக்ரோஃபிலிமைச் சுற்றிக்கொண்டிருந்தபோது இது என் வீட்டில் இருந்து இருபதடி தூரத்தில் இருந்திருக்கிறது. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேட்கவில்லையே" என்றார்.

1965 அக்டோபரில் கடைசி வரி: கார் விற்றது, 75 டாலர். அதற்கடுத்த வரியில் தலைப்பு மாறவில்லை, கோடும் போடவில்லை. அப்படியே தொடர்கிறது: வாஷிங் மெஷின், முதல் தவணை. மகன் பிறந்தது அந்த வருஷம் நவம்பரில்.

இந்த மாதிரி நோட்டு உங்கள் கையில் கிடைத்தால் எடுத்துக்கொண்டு ஓடிவிடாதீர்கள். நான் அவர் மேஜையிலேயே வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்தேன். ஒவ்வொரு படத்தின் பெயரிலும் வருஷம், இடம், வண்டி எண். எது நோட்டில் இருந்தது, எது பத்திரிகையில் இருந்தது, எது வாய்ச்சொல் என்று தனித்தனியாகக் குறித்து வைத்தேன். வாய்ச்சொல்லை ஒதுக்கவும் இல்லை, அடித்துத் திருத்தவும் இல்லை. மருமகனின் சாராயக் கதைகூட அதில் இருக்கிறது, பக்கத்தில் டைரக்டரிப் பதிவோடு. அதன் பிரதி ஒன்றைப் பாட்டி கையெழுத்துப் போட்டுத் தர, நூலகத்து வட கரோலினா அறையில் கொடுத்தோம். வாங்கிக்கொண்டவர், ஜெயித்தவர்களின் கத்தரிப்புகள் பெட்டி பெட்டியாக வருகின்றன, தோற்றவர் ஒருவரின் வரவு செலவு வந்தது இதுதான் முதல் தடவை என்றார்.

மகனிடம் 52 என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "வீட்டு எண்ணா?" என்றார். அடுத்த வாரம் டிரக்கைப் பார்த்தேன். 17 அப்படியே இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஜெயித்தது இவர் இல்லை, வண்டியும் இவருடையது இல்லை என்றால் கோப்பைக்குப் பக்கத்தில் இவர் ஏன் நிற்கிறார்? படத்தைப் பாட்டியின் கையில் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். நோட்டை வாங்கி, விரலை ஓட்டி, 1964 செப்டம்பரில் ஒரு வரியில் நிறுத்தினார். "வலது முன் டயர், கொடுத்தது." செலவுக் கட்டம் காலி.

ஓவலில் வண்டி இடது பக்கம் மட்டும்தான் திரும்பும். எடையெல்லாம் வலது முன் சக்கரத்தில்தான் விழும், அதுதான் முதலில் தேயும். அன்றைக்கு ஹீட்டிலேயே இவருடைய ரேடியேட்டர் போய்விட்டது. ஃபீச்சருக்குப் போக முடியாது. புதுசாகப் போட்ட வலது முன் டயரைக் கழற்றி, அடுத்து நின்ற 17க்குக் கொடுத்திருக்கிறார். 17 ஜெயித்தது. படம் எடுக்கும்போது அந்தப் பையன்தான் இவரைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினானாம்.

"அந்தப் பையன் யார் பாட்டி?"

"வாக்கரோடு வந்தானே, அவன்தான். போன குளிர்காலத்தில் அவனும் போய்விட்டான்."

அது என் வண்டி என்று அவர் சொல்லவில்லை. அவன் வண்டி இல்லையே என்றுதான் சொன்னார். அதை யோசித்துக்கொண்டே, டயர் திரும்பி வந்ததா என்று கேட்டேன்.

பாட்டி நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "வந்திருந்தால் எழுதியிருப்பேனே."